ஓவன் பையில் வான்கோழி: ஆறு வருடம் ஆகியும் தீராத தோல் தகராறு

"வான்கோழியைப் பைக்குள்ள போட்டுச் சுட்டா கறி காயாதாமே, நிஜமாடி?" என்று தோழி கேட்டாள். சூடு தாங்குகிற ஓவன் பையைத்தான் சொன்னாள். கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு இரண்டு நாள் முன்புதான் ஆறு கிலோ பறவையின் நெஞ்சுத் தோல் முழுக்கப் பையோடு ஒட்டிக்கொண்டு, சட்டை கழற்றுவது மாதிரி கழன்று வந்திருந்தது. இருந்தாலும் நியாயமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

காயாது. வான்கோழியில் வம்பே நெஞ்சுக்கறிதான். தொடை வேகிறவரை காத்திருந்தால் நெஞ்சு பஞ்சாகிவிடும். திறந்த தட்டில் சுட்ட காலத்தில் வாய்க்கு வாய் தண்ணீர் குடித்துத்தான் விழுங்குவோம். பை வந்தபிறகு அந்தக் கஷ்டம் போயிற்று. மறுநாள் ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கிற துண்டுகூட மெத்தென்று இருக்கிறது. 177 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தது, இப்போது இரண்டேகால் மணி நேரத்தில் முடிகிறது. தட்டு தேய்க்கிற வேலையும் கிடையாது.

பையை நம்பி ஏமாந்ததும் உண்டு. முதல் வருடம் பழைய கணக்கிலேயே மூன்று மணி நேரம் விட்டுவிட்டேன். பைக்குள் குளம் கட்டி நின்றது. கறியோ வெறும் சக்கை. அந்தக் குளமே கறியிலிருந்து இறங்கிய சாறுதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பை ஆவியைப் பெரும்பாலும் வெளியே விடாது, அவ்வளவுதான். சூடு ஏற ஏறத் தசை சுருங்கிச் சாற்றைப் பிழிந்து தள்ளினால் அது என்ன செய்யும், பாவம்? இப்போதெல்லாம் பையின் மேலேயே தெர்மாமீட்டரைக் குத்திப் பார்க்கிறேன். தொடையின் உட்புறத்திலும் நெஞ்சின் தடித்த இடத்திலும் 74 டிகிரி வந்ததும் எடுத்துவிடுவேன். பைக்குக் கிடைக்கிற பாராட்டில் பாதி அந்தத் தெர்மாமீட்டருக்குச் சேர வேண்டியது.

இனி தோல். நிறம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மேல்பக்கம் தேன் நிறம் ஏறும், கண்ணுக்கு அழகாகவே இருக்கும். தொட்டால் நனைந்த துணி. சுற்றிலும் ஆவி நிற்கும்போது தோல் எப்படிக் காயும், காயாமல் எப்படி மொறுமொறுக்கும்? வெண்ணெய் தடவினேன், உருகி வழிந்து குளத்தில் கலந்தது. பை வெடிக்காமல் இருக்க ஒரு மேசைக்கரண்டி மைதாவை உள்ளே போட்டுக் குலுக்கச் சொல்வார்கள். சரியாகக் குலுக்காவிட்டால் அது ஈரத்தோலில் திட்டுத்திட்டாகப் பசை போல அப்பிக்கொள்ளும். கடைசி அரைமணியில் பையை வெட்டித் திறந்தும் பார்த்தாயிற்று. குபீரென்று கிளம்பிய ஆவி மணிக்கட்டைப் பதம் பார்த்தது. தோல் அரைகுறையாக மொறுமொறுத்தது, நெஞ்சு மறுபடி காயத் தொடங்கியது. எப்படியும் திறக்கத்தான் வேண்டும் என்றால் பை எதற்கு? பறவையின் மேல் எண்ணெய் தடவினால் ஒட்டாது என்பது பெரும்பாலும் உண்மை. இந்த முறை தடவ மறந்தது என் தப்புதான். ஆனாலும் கோபம் பை மேலேதான் வருகிறது.

யாராவது முயல்வதாக இருந்தால்: ஓவனுக்கென்றே விற்கிற நைலான் அல்லது பாலியெஸ்டர் பையை மட்டும் வாங்குங்கள். 204 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பையின் மேலே கத்தியால் ஆறு கீறல் போடுங்கள். பை பலூன் மாதிரி உப்பும்; ஓவன் சுவரிலோ கம்பியிலோ படாமல் இடம் விடுங்கள். காகிதப் பையில் சுடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தீப்பிடிக்கும்.

தோழியிடம் "வாங்காதே" என்று சொல்லிவிட்டேன். முழுப் பறவையாக மேசையில் வைக்கிற ஆசை அவளுக்கு உண்டு. தோல் உரிந்த வான்கோழியை நாலு பேர் முன்னால் வைத்துப் பார்த்தால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். "அப்போ நீ ஏன் ஆறு வருஷமா அதையே கட்டிக்கிட்டு அழற?" என்றாள். பேச்சை மாற்றினேன்.

டப்பாவில் இன்னும் ஒரு பை மிச்சம் இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.