தன்னார்வலர் பதிவேடாக கூகுள் ஃபார்ம்ஸ்: எதுவரை தாங்கும்?

முப்பது நாற்பது தன்னார்வலர்கள் உள்ள அமைப்புக்குக் காசு கொடுத்துத் தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இணையத்தில் படிவம் நிரப்பவைக்கும் கூகுள் ஃபார்ம்ஸும், பதில்கள் போய்ச் சேரும் கூகுள் ஷீட் என்ற அட்டவணையும் போதும். ஆள் சேர்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. சேர்ந்தவர்களைத் தக்கவைப்பதில்தான் கையை விரித்துவிடுகிறது.

படிவத்தில் ஆறேழு கேள்வி போதும். ‘எதில் ஆர்வம்?’ என்றால் எல்லாவற்றுக்கும் டிக் அடிப்பார்கள். ‘எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம்?’ என்பதுதான் உருப்படியான கேள்வி. ‘ஒரு பதில் மட்டும்’ என்ற வசதியைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழைந்தே ஆக வேண்டும். கணக்கோ கடவுச்சொல்லோ நினைவில் இல்லாதவர் அங்கேயே கழன்றுகொள்வார்.

பெரிய குறை, இடம் நிரம்பிய நேரத்தை அது தானாக மூடாது. ஐந்து பேர் போதும் என்ற வேளைக்குப் பதினைந்து பேர் பதிவார்கள். வேலையில்லாமல் நின்றுவிட்டுப் போனவரை மறுபடி வரவழைப்பது கஷ்டம். ஆட்-ஆன் எனும் கூடுதல் செயலியைச் சேர்க்கலாம், இல்லையென்றால் தினமும் எண்ணிப் பார்த்து, நிரம்பிய வேளையைக் கையால் நீக்க வேண்டும்.

பதில்கள் விழும் தாளின் ஓரத்தில் ஃபார்முலா எழுதாதீர்கள். ஒவ்வொரு பதிலும் புது வரிசையாகச் செருகப்படுவதால் ஃபார்முலா அதற்கு இறங்காது. வேறு தாளுக்கு ஃபில்டர் ஃபார்முலா போட்டுப் பெயர்களை இழுத்து, பக்கத்தில் வருகையைக் கையால் குறித்தால் அது இன்னும் வம்பு. இழுத்த பெயர்கள் இடம் மாறும், கையால் எழுதியது அதே இடத்தில் நிற்கும். ஒருவர் உழைத்த மூன்று மணி நேரம் அடுத்தவர் கணக்கில் ஏறிவிடும். சான்றிதழ் கேட்டு வரும் நாளில்தான் குட்டு உடையும்.

வருகைக்குத் தனி ஃபார்ம் வையுங்கள்: அலைபேசி எண், தேதி, மணி நேரம். பெயரை அடையாளமாக வைத்தால் முழுப்பெயர், சுருக்கப்பெயர், எழுத்துப்பிழை என்று ஒரே ஆள் மூன்று பேராகிவிடுவார். பிறகு மேக்ஸ்இஃப்ஸ் (MAXIFS) என்ற ஷீட் ஃபார்முலா கொண்டு ஒவ்வொருவரும் கடைசியாக வந்த தேதியை எடுத்து, 45 நாள் தாண்டியவர்களுக்குச் சிவப்பு அடியுங்கள். அவர்களைக் குறுஞ்செய்தியில் அல்ல, போனில் கூப்பிட வேண்டும். மூன்று தடவை தவறாமல் வந்தவருக்குப் புதியவர்களைப் பழக்கும் பொறுப்பைத் தரலாம். யாருக்கு எது கைவரும் என்று ஷீட் சொல்லாது. அதற்கு ஷீட்டில் குறிப்பு எழுத ஒரு நெடுவரிசை வைத்து, பேசியவரே அன்றே எழுதிவிட வேண்டும்.

ஷீட்டைப் பகிரும்போது ‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஃபார்மில் ‘முடிவுகளின் சுருக்கம்’ அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது திறந்திருந்தால், நிரப்பிய எவரும் மற்றவர்களின் எண்களைப் பார்த்துவிடலாம்.