முத்து வளர்ப்புப் பயிற்சி: நீலகிரிக்காரர்கள் பணம் கட்டுமுன் படிக்கவும்

கோத்தகிரிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நோட்டீஸ் மறுபடியும் சுற்றுகிறது. 'முத்து வளர்ப்புப் பயிற்சி, விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம்.' கம்பெனிப் பெயர் புதுசு, முத்துப் படம் அதே பழைய படம். நானும் என் மச்சானும் சேர்ந்து கட்டிய 60,000 ரூபாய் அங்கேதான் போயிருக்கிறது.

பச்சைத் தேயிலைக்கு என்ன விலை போடுகிறார்கள் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி சும்மாதானே கிடக்கிறது என்று நினைப்பவர்களைக் குறிவைத்துத்தான் வருகிறார்கள். குன்னூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு. சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் உண்டு.

பேச வந்த ஆள் விஷயம் தெரிந்தவர், அதைச் சொல்லத்தான் வேண்டும். கொற்கை முத்து, 1893இல் ஜப்பானில் மிக்கிமோட்டோ எடுத்த அரைவட்ட வளர்ப்பு முத்து, மன்னார் வளைகுடாவில் 1961ஓடு நின்றுபோன முத்துக்குளிப்பு, 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்துக் காட்டிய முத்து. அத்தனையும் உண்மை. ஆனால் தூத்துக்குடியில் வளர்த்தது உப்புத் தண்ணீரில் வாழும் கடல் சிப்பி. எங்கள் தலையில் கட்டியது ஆற்று மட்டி.

"ஊட்டிக் குளிர்தான் சார் நமக்குப் பெரிய பிளஸ். குளிர்ந்த தண்ணியில முத்து பளபளன்னு வரும்" என்றார். இதிலும் பாதி உண்மை. ஜப்பானில் குளிர்காலத்தில்தான் அறுவடை. தண்ணீர் குளிரும்போது முத்தின் மேல் பூச்சு மெதுவாக, மெல்லிய அடுக்காகப் படிவதால் மினுமினுப்புக் கூடும். ஆனால் முத்து பருமனாவதெல்லாம் வெதுவெதுப்பான மாதங்களில். மட்டிக்குத் தின்ன பாசி வேண்டும். நம் ஊற்றுத் தண்ணீர்த் தொட்டியில், உறைபனி விழும் டிசம்பரில், அது எதைத் தின்று எதை வளர்க்கும்?

ஒன்று 120 ரூபாய் வீதம் 500 மட்டி. 'ஆபரேஷன் முடிந்து கரு வைத்தாயிற்று, ஒன்றரை வருஷத்தில் முத்து' என்ற வாக்குறுதியோடு மேட்டுப்பாளையத்திலிருந்து வேனில் வந்தன, சாக்கில் கட்டி. கரு என்பது, முத்துப் பூச்சு படிவதற்காக மட்டியைக் கீறி உள்ளே வைக்கும் சின்ன மணி. கரு வைத்த மட்டியைப் பத்து நாளாவது தனியாக வைத்துப் பார்த்து, செத்ததைக் கழித்து, பிறகுதான் நைலான் பையில் போட்டுத் தொங்கவிடுவார்கள். அப்படிப்பட்டதையா சாக்கில் அள்ளுவார்கள்? ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் வாயைப் பிளந்துவிட்டன. தட்டினாலும் மூடவில்லை என்றால் செத்தது என்று அர்த்தம். மச்சான் கத்தியை எடுத்து ஒவ்வொன்றாகத் திறந்தார். கருவும் இல்லை, கீறிய தழும்பும் இல்லை. "மாப்ளே, குழம்புக்கு வாங்கியிருந்தாக்கூட இதைவிட மலிவா கிடைச்சிருக்கும்" என்றார்.

போன் செய்தால், உங்கள் தண்ணீர் சரியில்லை என்றார்கள். பிறகு எடுப்பதே இல்லை. முத்து ஒன்றுக்கு 300 ரூபாய் தருவதாகச் சொன்ன ஒப்பந்தத்தை நிதானமாகப் படித்தால், 'கம்பெனி நிர்ணயிக்கும் தரத்தில் இருந்தால்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. சீனாவில் ஒரே மட்டியில் டஜன் கணக்கில் முத்து எடுத்து, எடை போட்டு விற்கிறார்கள். அந்தச் சந்தையில் கத்துக்குட்டியின் முத்தை 300 கொடுத்து வாங்க யாருக்குத் தலையெழுத்து?

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறோம். பிழைப்புக்கான சுயதொழில் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். உதவி எண் 1915. ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். நிஜமாகவே கற்றுக்கொள்ள ஆசை இருந்தால், புவனேஸ்வரத்தில் மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள்.

கூடலூர்ப் பக்கம் அடுத்த வகுப்பு என்று கேள்விப்பட்டேன். போகிறவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் குவியலிலிருந்து நீங்களே ஒரு மட்டியைப் பொறுக்கி, அங்கேயே திறந்து கருவைக் காட்டச் சொல்லுங்கள்.