பின்னி மில்லு, பாம்பே மில்லு, லோவெல் மில்லு: சென்னைக்கு எது சரிப்படும்?

சென்னைக்கு மூணாவது மாஸ்டர் பிளான் ரெடியாகுது, 2046 வரைக்கும் ஊரு எப்படி இருக்கணும்னு. மெட்ரோ, மேம்பாலம்னு பேசுற அளவுக்கு, மூடிப்போன துணி மில்லு நிலத்த என்ன பண்றதுன்னு யாரும் பேசி நான் பாக்கல. மூணு ஊரு மூணு மாதிரி பண்ணியிருக்கு.

மொதல்ல நம்ம பெரம்பூர். பின்னி கம்பெனியோட பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) மில்லு, 1918ல வாடியாவும் திரு.வி.க.வும் சேந்து மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது இந்த தொழிலாளிங்கள வச்சுதான். 1996ல மூடிட்டாங்க. அப்புறம் வருஷக்கணக்கா சினிமாக்காரங்க சண்ட சீன் எடுத்தாங்க, இப்ப அபார்ட்மெண்ட் டவர் நிக்குது. 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா ஓஎஸ்ஆர்னு, அதாவது பொது வெட்டவெளிக்குன்னு, 10% நிலம் விடணும், ஆனா அது எல்லா பெரிய மனைக்கும் உள்ள ரூலு, மில்லுல உழைச்சவனுக்குன்னு தனியா ஒன்னும் எழுதல. பின்னாடியே பட்டாளம், புளியந்தோப்புல மழை வந்தா முழங்கால் தண்ணி நிக்குது, அங்க எவ்வளவு வெட்டவெளி விட்டாலும் பத்தாது.

பாம்பேல 1991லயே ரூல் போட்டாங்க: மில்லு நிலத்துல வேற ஏதாவது கட்டுனா மூணுல ஒரு பங்கு கார்ப்பரேஷனுக்கு, மைதானம் பார்க்குன்னு, ஒரு பங்கு அரசாங்கம் மக்களுக்கு கட்டித் தர்ற வீட்டுக்கு, மீதி ஓனருக்கு. கேக்கவே நல்லா இருக்குல்ல? 2001ல அதுல ஒரு திருத்தம், கட்டடம் நிக்கிற எடத்த கணக்குல சேக்க வேணாம், சும்மா கெடக்குற காலி நிலத்த மட்டும் பங்கு போட்டா போதும்னு. மில்லுன்னாலே முக்கால்வாசி ஷெட்டுதானே, அப்புறம் பங்குக்கு என்ன மிஞ்சும்? கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 2006ல ஓனருங்க பக்கமே தீர்ப்பாச்சு.

அமெரிக்காவுல இருக்குற பழைய மில்லு ஊரு லோவெல் வேற ரகம். 1978ல மில்லு ஏரியாவ தேசிய வரலாற்றுப் பூங்காவாவே அறிவிச்சுட்டாங்க. பூட் மில்லுல இன்னிக்கும் தறி ஓடுது, பாக்கப் போறவங்க காதுக்கு பஞ்சு மாதிரி அடைப்பு குடுப்பாங்களாம், சத்தம் அப்படி. மத்த மில்லுங்கள்ல வீடு, ஆபீஸ் வந்துடுச்சு. அழகுதான், ஆனா மத்திய அரசு காச கொட்டுனதால நடந்துச்சு, இங்க யாரு கொட்டுவா?

என்னக் கேட்டா பாம்பே ஃபார்முலாதான், ஆனா 1991ல போட்ட ஒரிஜினல், அதுவும் ஷெட்டு நிக்கிற எடம் உட்பட மொத்த நிலத்துக்கும் கணக்கு போட்டு. கூடவே லோவெல் மாதிரி ஒரு ஷெட்டாவது தறியோட விட்டா யூனியன் கதைய சொல்ல ஒரு எடம் இருக்கும், பெரம்பூர்ல அந்த சான்ஸ் போயிடுச்சுன்னு வைங்க. ஆனா அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி எஸ்டேட்லாம் இன்னும் இருக்கே, அங்க பெரிய ஃபேக்டரி கை மாறுறதுக்கு முன்னாடி இந்த பங்கு விஷயத்த பிளான்ல ஏத்திடணும்.