புல்லுக்குப் புல் போட்டி: வளமான மண்ணிலா, வறிய மண்ணிலா?

செடிக்குச் செடி போட்டி எந்த மண்ணில் கடுமை என்பது சூழலியலில் ஒரு பழைய வழக்கு. தென்னாப்பிரிக்காவின் மாரிட்ஸ்பர்க் பக்கம் இருக்கும் நமக்கு அதன் சாட்சி ஊருக்குள்ளேயே இருக்கிறது. உகுலிங்கா ஆராய்ச்சிப் பண்ணையில் 1951 முதல் ஒரே புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சிலவற்றுக்கு நைட்ரஜன், சிலவற்றுக்குப் பாஸ்பரஸ், சிலவற்றுக்கு இரண்டும் போடுகிறார்கள். சில பாத்திகள் உரமே இல்லாமல் பட்டினி.

வாதிகள் இருவர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருந்த சூழலியலாளர் ஃபிலிப் கிரைம் 1970களில் சொன்னது: மண் வளமாக இருந்தால்தான் போட்டி மூளும், வறிய மண்ணில் பக்கத்துச் செடி பிரச்சினையே இல்லை, உயிரோடு கிடப்பதே பெரும்பாடு. அமெரிக்கச் சூழலியலாளர் டேவிட் டில்மன் இதை ஏற்கவில்லை. போட்டி எங்கும் உண்டு. வறிய மண்ணில் வேருக்கும் வேருக்கும், வளமான மண்ணில் இலைக்கும் இலைக்கும் என்பது அவர் கட்சி.

உகுலிங்காவின் பட்டினிப் பாத்தியில் நம் பண்ணைக்காரர்கள் ரூய்க்ராஸ் என்கிற தெமெடா புல் நிற்கிறது. இரண்டு உரமும் வாங்கிய பாத்தியில் தெமெடா ஒடுங்கி, உயரமான கினியாப்புல் ஆள்கிறது; மற்ற இனங்களும் குறைந்துவிட்டன. பார்த்தவுடன் கிரைமுக்கே ஓட்டுப் போடத் தோன்றும். ஆனால் பட்டினிப் பாத்தியில் கினியாப்புல் ஏன் தலையெடுக்கவில்லை? தெமெடாவின் வேர் விடவில்லையா, மண்ணே விடவில்லையா? பார்வையால் தீராது, சுற்றியுள்ள செடிகளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் மினசோட்டாவின் சீடார் க்ரீக் ஆய்வுக்களத்தில் வில்சன் என்ற ஆய்வாளரும் டில்மனும் அதைத்தான் செய்தார்கள். நைட்ரஜன் ஏற ஏற மொத்தப் போட்டி கூடவில்லை. கீழே நடந்தது மேலே இடம் மாறியது, அவ்வளவுதான். வளமான மண்ணில் ஆயுதம் வெளிச்சமே என்பதை 2009-இல் சூரிச் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: உரமிட்ட செடிகளுக்கு அடியில் விளக்கு வைத்தார்கள், இன இழப்பு நின்றது.

பாதிச் சண்டை அளவுகோலால் வந்தது என்பேன். தனியாக 10 கிராம் வளரும் செடி கூட்டத்தில் 5 கிராம். இன்னொரு மண்ணில் 100 கிராம் செடி 50 கிராம். கிராமில் பார்த்தால் இழப்பு பத்து மடங்கு, சதவீதத்தில் இரண்டும் ஒன்று. முன்னதை எடுத்தால் கிரைம், பின்னதை எடுத்தால் டில்மன்.

என் ஓட்டு டில்மனுக்கு, ஒரு நிபந்தனையோடு: பாலைவன ஓரம் வரை அவரை இழுக்க மாட்டேன், அங்கே பக்கத்துச் செடி நிழல் தந்து உதவுவதும் உண்டு. மாடு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு எளிது. தெமெடா வேண்டுமென்றால் வெல்டில், அதாவது இயற்கைப் புல்வெளியில், உரம் கொட்டாதீர்கள். கொட்டியே தீருவேன் என்றால், உயரப் புல்லை மேய்த்தோ வெட்டியோ அடிக்கு வெளிச்சம் விடுங்கள்.