ஸ்விட்ச்: எல்லாரிடமும் இருக்கிற அதே நாலு கேசட்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் நண்பன் நிண்டெண்டோ கம்பெனியின் வீடியோ கேம் பெட்டியான ஸ்விட்ச் 2 வாங்கலாமா என்று கேட்டிருந்தான். கூடவே அதன் முதல் சில மாத விற்பனை பற்றிய செய்தி ஒன்றையும் அனுப்பியிருந்தான். "கேம் எல்லாம் பயங்கரமா போகுதாம் மாப்ள, நம்பி எடுக்கலாம்ல?" பழைய ஸ்விட்சை ஏற்காட்டில் பல வருடமாக வைத்து விளையாடுகிறவன் நான். பேட்டரி, திரை, டிவியில் இணைக்கும் டாக் பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை, அதெல்லாம் ஊருக்கே தெரியும். முதல் வருடத்தில் கேம் அமோகமாக விற்றால் வாங்கினவனுக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன். அதை யாரும் சொல்வதில்லை.

ஸ்விட்ச் வெளியானது 2017 மார்ச் 3. 2018 மார்ச் முடியும்போது நிண்டெண்டோ காட்டிய கணக்கு ஏறத்தாழ 1.78 கோடி கன்சோல், 6.9 கோடி கேம். பெட்டி ஒன்றுக்குக் கிட்டத்தட்ட நாலு கேம். அதற்கு முந்தைய நிண்டெண்டோ கன்சோலான வீ யூ தன் ஆயுள் முழுக்க விற்றதே 1.36 கோடிதான், அதை இது ஒரு வருடத்துக்குள் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் முதல் மாதம் நடந்தது இன்னும் வேடிக்கை. கன்சோல் 9 லட்சத்து 6 ஆயிரம் விற்றது, ஸ்விட்சுக்கான செல்டா: ப்ரெத் ஆஃப் தி வைல்ட் 9 லட்சத்து 25 ஆயிரம் விற்றது. கன்சோலே இல்லாமல் கேமை வாங்கினவர்களும், அலமாரியில் வைக்க ஒன்று, விளையாட ஒன்று என்று இரண்டாக வாங்கினவர்களும் இருந்திருக்கிறார்கள்.

சரி, அந்த 6.9 கோடியில் எது எது? சூப்பர் மரியோ ஒடிஸி 1.04 கோடி, மரியோ கார்ட் 8 டீலக்ஸ் 92 லட்சம், செல்டா 85 லட்சம், ஸ்பிளட்டூன் 2 அறுபது லட்சம். கூட்டிப் பாருங்கள், விற்ற கேம்களில் சரிபாதி இந்த நாலுதான். என் தலைவலி இங்கேதான் ஆரம்பம்.

தொண்ணூறுகளில் டிவி கேம் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், கேசட் வாங்குவது பாதி, மாற்றிக்கொள்வது மீதி. தெருவில் நாலு வீட்டில் நாலு கேசட் இருந்தால் ஒவ்வொருவனுக்கும் நாலு கேசட் இருந்த மாதிரி. ஸ்விட்ச் கேம் வரும் சின்னக் கார்டும் அதற்கென்றே பிறந்தது. எந்த நாட்டில் வாங்கினதும் எந்த நாட்டுப் பெட்டியிலும் ஓடும், கணக்கு, பதிவு என்று ஒன்றும் கேட்காது, போட்டால் ஆடலாம். துபாயில் வாங்கினதும் சிங்கப்பூரில் வாங்கினதும் என்னிடம் ஒரே பையில் கிடக்கின்றன. ஆனால் மாற்றிக்கொள்ள ஆள்? சேலத்தில் ஸ்விட்ச் வைத்திருப்பவர்களே குறைவு. அந்தக் குறைவான பேரிடமும் இருப்பது அதே நாலு. அம்மாபேட்டையில் ஒரு பையன் "எங்கிட்ட நிறைய இருக்கு அண்ணா" என்றான் என்பதற்காக 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போனேன். தட்டுவடை செட் கடையில் நின்றுகொண்டே பையைத் திறந்து காட்டினான். ஒடிஸி, மரியோ கார்ட், செல்டா. ஸ்பிளட்டூன் வீட்டில் இருக்கிறதாம். என்னுடையதைக் காட்டியபோது அவன் முகமும் தொங்கிப்போனது. தட்டுவடை செட் நன்றாக இருந்தது, அதற்கு மட்டும் போனதாக வைத்துக்கொண்டேன்.

மே மாதம் கோடை விழா சமயத்தில் சொந்தக்காரர்கள் மேலே வருவார்கள். சித்தப்பா பேரப்பிள்ளைகள் இருவரிடம் ஸ்விட்ச் உண்டு. "மாமா, உங்களுக்குக் கேம் கொண்டுவந்திருக்கோம்!" என்ன கேம் என்று நான் கேட்பதேயில்லை.

பழைய கார்டு விலையாவது இறங்குமா என்றால் அதுவும் இல்லை. 2017இல் வந்த மரியோ கார்ட் இன்றுவரை புதுசு போலத்தான் விலை நிற்கிறது. நிற்கத்தானே செய்யும்? 2025க்குள் 6.8 கோடி பிரதி போயிருக்கிறது, விலையைக் குறைக்க யாருக்கு என்ன அவசியம். விற்பவன் இடத்தில் நான் இருந்தாலும் குறைக்க மாட்டேன். வாங்குபவன் இடத்தில் இருப்பதால் எரிச்சல் வருகிறது.

இன்னொன்று. இந்த விற்பனை எண்களில் விருப்பம் எவ்வளவு, வேறு வழியில்லாமல் வாங்கினது எவ்வளவு என்று யாராலும் பிரிக்க முடியாது. நிண்டெண்டோவுக்கு இந்தியாவில் நேரடி விற்பனை கிடையாது, எல்லாம் யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து விற்பதுதான். நான் வாங்கிய கடையில் பெட்டி மட்டும் தர மாட்டேன், இரண்டு கேம் சேர்த்து எடுத்தால்தான் தருவேன் என்றார். ஒன்று நான் கேட்டது. இன்னொன்று அவரிடம் விற்காமல் தேங்கியிருந்த ஆர்ம்ஸ், கை ஸ்பிரிங் போல நீளும் குத்துச்சண்டை. அந்த கேம் முதல் வருடத்திலேயே 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அதில் என்னுடையதும் ஒன்று. இரண்டு கையிலும் ஜாய்-கானை (பெட்டியிலிருந்து கழற்றிப் பிடிக்கும் கன்ட்ரோலர்) பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை ஆட முயன்றால் டியூப்லைட்டுக்கு ஆபத்து. ஸ்பிளட்டூனும் எனக்கு அப்படித்தான், இணையம் இருந்தால்தான் ருசி. மழைக்காலத்தில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம் சிக்னல் இருக்கிற இருப்புக்கு அது ஆகாது.

கோபத்தில் நல்லதை விட்டுவிடக் கூடாது. மழை பிடித்துக்கொண்டு கரண்டும் போய், செல்லில் ஒரு கோடு கூட இல்லாத மாலைகளில் இந்தப் பெட்டி வேலை செய்திருக்கிறது. காரணம் அந்தக் கார்டுதான். நகத்தை விடக் கொஞ்சம் பெரிய கார்டுக்குள் மொத்த செல்டாவும் இருக்கிறது, 13 ஜிபிக்கு மேல். பதிவிறக்கம் என்ற பேச்சே இல்லை. புதுப்பிப்பு வேண்டுமென்றால் சேலம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. மலையில் இருப்பவனுக்கு இதை விட வேறென்ன வேண்டும்? (குழந்தைகள் விழுங்காமலிருக்க அந்தக் கார்டில் டெனடோனியம் பென்சோயேட் என்ற கசப்பைப் பூசியிருக்கிறார்கள். நம்பாத பேரப்பிள்ளை ஒருவன் நக்கிப் பார்த்துவிட்டுப் பகல் முழுக்கக் காறிக்கொண்டிருந்தான். வேப்பங்கொழுந்தெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.) செல்டாவில் மேகம் இறங்கி மழை பெய்தால் பாறை வழுக்கும், ஏற முடியாது, நனையாத இடம் பார்த்து உட்கார வேண்டும். சேர்வராயன் மலையில் இருக்கிறவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஒரு கேமுக்காக மட்டும் பெட்டியைச் சார்ஜில் போடுகிறேன். கைப்பிடி ரப்பர் தேய்ந்துவிட்டது.

இப்போது நண்பன் கேள்விக்கு வருகிறேன். ஸ்விட்ச் 2 வெளியானது 2025 ஜூன் 5. அந்த வருடம் செப்டம்பர் இறுதிக்குள் 1.04 கோடி பெட்டி, 2.06 கோடி கேம். வேகம் என்று பார்த்தால் அசுர வேகம்தான், முதல் நாலு நாளிலேயே 35 லட்சம் போனது. ஆனால் பெட்டிக்கு எத்தனை கேம் என்று வகுத்தால் இரண்டுதான் வருகிறது. அந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் மரியோ கார்ட் வேர்ல்ட், அது மட்டும் 95 லட்சத்துக்கு மேல். வெளியானபோது அமெரிக்காவில் பெட்டி 450 டாலர், மரியோ கார்ட் வேர்ல்ட் சேர்த்த பெட்டி 500 டாலர், அதே கேம் தனியாக 80 டாலர். யார்தான் சேர்த்து வாங்கியிருக்க மாட்டார்கள்? என் கடைக்காரர் முறைத்துக்கொண்டு செய்ததை இவர்கள் தள்ளுபடி கொடுத்துச் சிரித்த முகமாகச் செய்தார்கள். 2017இல் ஸ்விட்ச் வெளியானபோது பெட்டிக்குள் ஒரு கேமும் கிடையாது. செல்டா வேண்டுமென்று தனியாகக் காசு எடுத்து வைத்தவர்கள்தான் வாங்கினார்கள்.

நியாயமும் சொல்ல வேண்டும். நாலு மாதக் கணக்கையும் 13 மாதக் கணக்கையும் பக்கத்தில் வைப்பது சரியில்லை. ஸ்விட்ச் 2இல் பழைய கார்டுகளும் பெரும்பாலும் ஓடுவதால் புதுசாக வாங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அதற்காக வாங்கும் பழைய ஸ்விட்ச் கேம் இந்த 2.06 கோடியில் சேராது. ஆனால் எனக்கு ஆகாத விஷயம் ஒன்று இருக்கிறது. மற்ற கம்பெனிகளின் புதுக் கார்டுகள் பலவற்றில் கேமே இல்லை, சாவி மட்டும்தான். கார்டைப் போட்டு, மொத்தத்தையும் இணையத்தில் இறக்கி, அப்புறமும் கார்டைச் செருகியே ஆட வேண்டும். ஏற்காட்டில் அது நடக்கிற காரியமா? நிண்டெண்டோவே போடும் மரியோ கார்ட் வேர்ல்டும் டாங்கி காங் பனான்சாவும் முழுசாகவே கார்டில் வருகின்றன, சைபர்பங்க் 2077 கூட 64 ஜிபி கார்டில் முழுசாக வந்தது. மற்றவற்றுக்கு அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும்.

இவ்வளவும் படித்தால் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்று தோன்றும். வாங்கு மாப்ள. சேலத்தில் ஃபைபர் இருக்கிறது, உனக்குச் சாவிக் கார்டு ஒரு பிரச்சினையே இல்லை. எனக்கும் லாபம் உண்டு, மாற்றிக்கொள்ள ஓர் ஆள் கிடைக்கும். ஆனால் நிபந்தனை இருக்கிறது. பழைய ஸ்விட்ச் கார்டுகளையும் வாங்கு, அவை இரண்டிலும் ஓடும். ஒடிஸி, மரியோ கார்ட் 8, செல்டா, ஸ்பிளட்டூன், இந்த நாலையும் தொடாதே, எல்லாம் என்னிடம் இருக்கிறது, தருகிறேன். ஜீனோபிளேட் க்ரானிக்கிள்ஸ் 2 எடு, ஆக்டோபாத் டிராவலர் எடு. முடித்ததும் எனக்கு அனுப்பு. ஆர்ம்ஸும் தருகிறேன், அதை மட்டும் திருப்பித் தர வேண்டாம்.