உழுந்தின் டிரிப்டோபானை அளக்க: கண்ணாடிக் காபனா, அச்சிட்ட மின்வாயா?

உழுந்து மாவின் புரதத்திலுள்ள டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தை மின்னிரசாயன முறையில், அதாவது அது ஒட்சியேறும்போது எழும் மின்னோட்டத்தைக் கொண்டு, அளக்க முற்பட்டபோது, யாழ்ப்பாணத்திலுள்ள எங்கள் சிறிய ஆய்வுகூடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நெடுநாள் பாவனையிலிருந்த 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் காபன் (கண்ணாடி போல் இறுகிய காபன்) மின்வாய், அதாவது கரைசலோடு மின்னைப் பரிமாறும் முனை. மற்றது, மூன்று மின்வாய்களும் ஒரே பட்டையில் அச்சாகி வரும், ஒருமுறை பாவித்து எறியும் வகை. இரண்டிலும் காபன் நானோக்குழாய்களின் (மிக நுண்ணிய காபன் குழாய்களின்) படலம் பூசி அளந்து பார்த்தபின் நான் அச்சிட்ட பட்டையையே தெரிவுசெய்தேன்.

கண்ணாடிக் காபன் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். பட்டைகளை வெளிநாட்டிலிருந்து திரும்பத் திரும்ப வரவழைக்க வேண்டும். கண்ணாடிக் காபன் மூழ்கும் கலத்துக்குச் சில மில்லிலீற்றர் கரைசல் வேண்டும். பட்டைக்கு 50 மைக்ரோலீற்றர் துளியே போதும். இவை எவரும் அறிந்தவை.

என் முடிவைத் தீர்மானித்தது மேற்பரப்புப் பராமரிப்பு. புரதத்தைப் பகுத்த கரைசலில் டிரிப்டோபானுடன் டைரோசின் என்ற அமினோ அமிலமும் இருக்கும். டைரோசின் ஒட்சியேறும்போது உண்டாகும் மூலிகங்கள் (எளிதில் தாக்கமடையும் துணிக்கைகள்) ஒன்றோடொன்று இணைந்து, மின்னைக் கடத்தாத மெல்லிய படலமாக மின்வாயில் ஒட்டிக்கொள்வதால், அடுத்த அளவீட்டிலேயே, வரைபில் நாம் அளக்கும் மின்னோட்ட உச்சி தாழ்ந்துவிடும். அப்போது கண்ணாடிக் காபனை ஈரத்துணியில் 0.3 மைக்ரோமீற்றர், பின்னர் 0.05 மைக்ரோமீற்றர் அலுமினாத் தூள் இட்டு, 8 வடிவில் தேய்த்து மினுக்க வேண்டும். ஆனால் அழுக்கோடு நாம் பூசிய நானோக்குழாய்ப் படலமும் போய்விடும். ஒவ்வொரு முறையும் பூச்சைப் புதிதாகத் தொடங்க வேண்டும். என் கை மினுக்கியதும் மாணவி மினுக்கியதும் ஒரே உச்சியைத் தந்ததில்லை.

பட்டைகளிலோ, ஐதான அசற்றிக் அமிலத்தில் கரைத்த கைற்றோசான் என்னும் பிணைபொருளில் நானோக்குழாய்களைக் கலக்கி, 20 பட்டைகளுக்கு ஒரே நாளில் 5 மைக்ரோலீற்றர் வீதம் இட்டுவிடலாம். துளி விரைவாகக் காய்ந்தால் கரிய தூள் ஓரத்துக்கு ஒதுங்கி வளையமாகி நடுப்பகுதி வெளிறிவிடும். பெத்திரிக் கிண்ணத்தால் மூடி மெதுவாக உலரவிட்டபோது எங்களுக்கு ஓரளவு சீரான படலம் கிடைத்தது. டைமெதில்போர்மமைட்டு என்ற கரைப்பானில் கலக்கிய நானோக்குழாய்களை மட்டும் பட்டையில் இடக்கூடாது, அது அச்சு மையின் பிணைப்பையே கரைத்துவிடும்.

பட்டையின் பெருங்குறை அதன் வெள்ளி மாட்டேற்று மின்வாய், அதாவது மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க உதவும் மின்வாய். அதன் மின்னழுத்தம் கரைசலின் குளோரைட்டைப் பொறுத்தது: 25 பாகை செல்சியசில் செறிவு பத்து மடங்கு மாறினால் சுமார் 59 மில்லிவோல்ற்று நகரும். அமிலப் பகுப்பில் டிரிப்டோபான் அழிந்துவிடும் என்பதால் காரத்தில் பகுத்து, ஐதரோகுளோரிக் அமிலத்தால் நடுநிலையாக்குகிறோம். அதனால் மாதிரியில் உப்பு மிகுந்துவிடுகிறது. ஒப்பிடுவதற்கான, செறிவு தெரிந்த நியமக் கரைசல்களிலும் அதே அளவு உப்பு இல்லாவிட்டால், அருகருகே நிற்கும் டைரோசின், டிரிப்டோபான் உச்சிகளை மாறி வாசித்துவிட நேரும். நம் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீரால் பட்டையைக் கழுவுவதையும் நான் அனுமதிப்பதில்லை, காய்ச்சி வடித்த நீர் மட்டுமே. தனியான வெள்ளி–வெள்ளிக்குளோரைட்டு மின்வாயோடு இயங்கும் கண்ணாடிக் காபனுக்கு இத்தொல்லை இல்லை.

சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அளக்கப் பொன் நானோத்துணிக்கைகள் பூசிய பட்டைகளைச் சில தடவைகளே பாவித்திருக்கிறேன். அதன் கந்தகம் பொன்னை இறுகப் பற்றுவதால் உச்சி தெளிவாக வந்தது என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல என் அனுபவம் போதாது. தாக்கப் பொறிமுறையை ஆராய ஒரே மேற்பரப்பில் மின்னழுத்தத்தைப் பலமுறை மாற்றி மாற்றி அளக்க வேண்டியிருந்தால் கண்ணாடிக் காபனையே எடுப்பேன். வரிசையாக வரும் உழுந்து மாதிரிகளுக்கு இப்போது பட்டைதான். ஒவ்வொரு தொகுதியிலும் இரண்டை நியமக் கரைசலில் சோதித்த பின்னரே மாதிரியைத் தொடுகிறோம்.