மார்ஃபா: நூறு பெட்டிகளுக்காக ஒரு நெடும்பயணம்

மேற்கு டெக்சஸின் வறண்ட புல்வெளியில், எல் பாசோ விமான நிலையத்திலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரத் தொலைவில், இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத மார்ஃபா என்னும் சிற்றூர் இருக்கிறது. இங்கே கலை பார்க்க வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் டொனால்ட் ஜட் என்ற சிற்பி. அருங்காட்சியகங்களில் படைப்புகள் சில வாரங்கள் வைக்கப்பட்டுப் பின் அகற்றப்படுவதில் உடன்பாடில்லாத அவர், 1970களில் இவ்வூருக்குக் குடிபெயர்ந்து, இராணுவம் விட்டுச்சென்ற முகாம் ஒன்றில் அவற்றை நிரந்தரமாக நிறுவத் தொடங்கினார். அந்த முகாம்தான் 1986இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட சினாட்டி ஃபவுண்டேஷன்.

பீரங்கிகளை நிறுத்திவைத்த இரண்டு நீண்ட கொட்டகைகளில் ஜட்டின் நூறு அலுமினியப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் புற அளவும் 41 அங்குலம், 51 அங்குலம், 72 அங்குலம்தான். ஆனால் உள்ளே தகடுகள் பிரிக்கப்பட்டிருக்கும் விதம் ஒன்றைப்போல் இன்னொன்றில் இல்லை. நுழைந்தவுடன் எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. ஏதோ தொழிற்சாலையின் சரக்கறைக்குள் வந்துவிட்டதாகத் தோன்றியது. பத்து நிமிடம் கழித்து மேகம் விலகி, பக்கச் சுவர் முழுவதும் அமைந்த கண்ணாடிச் சன்னல்கள் வழியே வெயில் இறங்கியபோது, ஒரு பெட்டியின் விளிம்பு கரைந்து காணாமற்போனது, அடுத்தது வெளியே இருந்த புல்வெளியைத் தன்னுள் வாங்கிக்கொண்டது, மூன்றாவது கண்ணாடியால் செய்ததோ என்று ஐயுற வைத்தது. ஆயிரங்கால் மண்டபத்தில் நடக்கும்போது தூண்கள் விலகி விலகி வழிவிடுவதுபோல் தோன்றுமே, அந்த அனுபவத்துக்கு மிக நெருக்கமானது இது. இரண்டாம் உலகப் போரின்போது இம்முகாமில் ஜெர்மானியப் போர்க்கைதிகள் இருந்தனர். அக்காலத்து ஜெர்மன் எழுத்துகளைச் சுவரிலிருந்து அழிக்காமல் விட்டுவைத்ததும் நல்ல முடிவு.

வெளியே, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஜட்டின் கான்கிரீட் படைப்புகள் பதினைந்து தொகுதிகளாக நிற்கின்றன. தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் கிளம்பியது என் அறியாமை. ஏழாவது தொகுதியோடு திரும்பிவிட்டேன்.

அதே முகாமின் ஆறு படைவீடுகளில் டான் ஃபிளேவின் என்ற கலைஞர் அமைத்த வண்ணக் குழல்விளக்குகளைப் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். முதல் இரண்டு கட்டடங்களில் நானும் வியந்தேன். அதற்குப்பின் அடுத்து என்ன வரும் என்பது தெரிந்துவிட்டது. மாறாக, அதிகம் பேசப்படாத இல்யா கபகோவின் ‘பள்ளி எண் 6’ என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. கைவிடப்பட்ட சோவியத் பள்ளி ஒன்றை அவர் அமெரிக்கப் படைவீட்டுக்குள் கட்டியிருக்கிறார். பனிப்போரில் எதிரெதிரே நின்ற இருவரின் இடிபாடுகளும் ஒரே கூரையின்கீழ் கிடக்கின்றன என்ற எண்ணம் வந்தபின், அங்கிருந்த தூசியைக்கூட அலட்சியமாகப் பார்க்க முடியவில்லை.

சமூக ஊடகங்களில் மார்ஃபாவின் அடையாளமாக வலம்வரும் ‘பிராடா மார்ஃபா’ உண்மையில் ஊரில் இல்லை; 40 கிலோமீட்டருக்கும் அப்பால், வாலன்டைன் என்ற ஊரருகே, நெடுஞ்சாலை 90இன் ஓரத்தில் இருக்கிறது. பிராடா என்ற ஆடம்பர ஆடை நிறுவனத்தின் கடைபோல் எல்ம்கிரீன், டிராக்செட் என்ற இரு கலைஞர்கள் 2005இல் எழுப்பிய, கதவு திறக்காத போலிக் கடை அது. எல் பாசோவிலிருந்து வருபவர்களுக்கு வழியிலேயே வருவதால் நிறுத்திப் பார்க்கலாம். இதற்கென்று தனியே வண்டியை எடுக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டை மட்டும் நம்பிப் போகக் கூடாது. நாங்கள் குறித்துவைத்திருந்த உணவகத்தில், திறந்திருக்கும் நேரம் எழுதிய பலகைக்குக் கீழேயே பூட்டுத் தொங்கியது. பெட்ரோல் நிலையத்தில் வாங்கிய ரொட்டிதான் மதிய உணவாயிற்று. வாரத்தில் எல்லா நாளும் எல்லாம் திறந்திருக்கும் ஊரன்று இது. கிளம்புவதற்கு முன்பே நாளையும் நேரத்தையும் உறுதிசெய்து, வழிகாட்டியுடன் செல்லும் பார்வைக்கு இடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும். ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் ஃபிளேவினைச் சுருக்கிக்கொண்டு அலுமினியப் பெட்டிகளுக்கு நேரம் ஒதுக்கலாம். நாங்கள் அவற்றைக் காலை வெயிலில் பார்த்தோம். சாயும் வெயிலில் பார்ப்பதற்காக இன்னொரு முறை அந்த மூன்று மணி நேரச் சாலையில் போக நான் ஆயத்தமாகவே இருக்கிறேன், உடன் வந்தவர்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.